15 பேர், 50 பேர், 300 பேர்: புரோகிராமிங் வகுப்பில் மாணவர்களை வேலை செய்ய வைப்பது எப்படி?

லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் கட்டளை) பாடத்தை நடத்தி முடித்துவிட்டு “புரிஞ்சுதா?” என்று கேட்டேன். மொத்த வகுப்பும் தலையாட்டியது. மறுநாள் லேபில் 1 முதல் 10 வரை உள்ள எண்களைக் கூட்டச் சொன்னேன். 55 வர வேண்டிய இடத்தில் பல திரைகளில் 45. மீதிப் பேரில் சிலர் பக்கத்துத் திரையைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியில், லூப்புக்கு எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்ச் கட்டளைக்கு 1, 10 என்று கொடுத்தால் அது 9-உடன் நின்றுவிடும். இதை முந்தைய நாள் பலகையில் எழுதியிருந்தேன், வாயாலும் சொல்லியிருந்தேன்.

தப்பு என் கேள்வியில் இருந்தது. “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எந்த வகுப்பிலும் ஒரே பதில்தான் வரும். அதற்குப் பதிலாக, “இந்த லூப் எத்தனை தடவை சுற்றும்? நோட்டில் எழுதுங்கள்” என்று கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் குட்டு உடைந்திருக்கும்.

மாணவரை வகுப்புக்குள்ளேயே யோசிக்க, எழுத, வாதாட, தவறு செய்ய வைப்பதைத்தான் ஆக்டிவ் லேர்னிங் என்கிறார்கள். தமிழில் செயல்வழிக் கற்றல். இதில் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு இரண்டு கணக்குகள். அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் 2014-இல் வந்த கட்டுரை ஒன்று, அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் தோல்வி சராசரியாகச் சுமார் 34 சதவீதம். செயல்வழி வகுப்புகளில் சுமார் 22. புரோகிராமிங் பக்கம் வந்தால், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் நான்கு கணினி அறிவியல் பாடங்களை ஆராய்ந்து 2013-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கீழே படி 2-இல் வரும் முறையைப் பின்பற்றியபோது தோல்வி சராசரியாக 20 சதவீதத்திலிருந்து 7-க்கு இறங்கியிருந்தது.

இதைச் சக ஆசிரியர்களிடம் சொன்னால், “என் வகுப்பில் நடக்காதுங்க” என்பதுதான் முதல் பதில். 12 பேர் வைத்திருப்பவர் “இந்தப் பன்னிரண்டு பேருக்கு எதற்கு இவ்வளவு ஏற்பாடு” என்பார். 200 பேர் வைத்திருப்பவர் “எப்படிச் சமாளிப்பது” என்பார். என் அனுபவத்தில் உத்திகள் எல்லா அளவுக்கும் அதே நாலைந்துதான். மாணவர் போட்ட விடையை யார் பார்த்து, யார் திருத்துவது என்ற ஒன்றுதான் கூட்டத்தைப் பொறுத்து மாறுகிறது. சின்ன வகுப்பில் நீங்களே பார்க்கலாம். நடுத்தர வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பார்க்க வேண்டும். பெரிய அரங்கில் ஓட்டு எண்ணிக்கையை வைத்துத்தான் பார்க்க முடியும்.

படி 1: நல்ல கேள்வி ஒன்றைச் செய்யுங்கள்

வேலையில் பாதி இதுதான். கேள்வி சொதப்பினால் மற்ற எந்த ஏற்பாடும் காப்பாற்றாது. உதாரணமாக இந்த நான்கு வரிகள் (மொழி எதுவானாலும் சரி, வரிகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன்):

அ = 5
ஆ = அ
அ = 9
ஆ-வை அச்சிடு

விடைகள்: ஒன்று, 5. இரண்டு, 9. மூன்று, ‘அ’ என்ற எழுத்து.

சரியான விடை 5. ஆனால் மதிப்பு தவறான விடைகளில்தான் இருக்கிறது. 9 என்று போடுபவர் கணக்குப் பாடத்தின் சமக்குறியை அப்படியே இங்கே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். ‘ஆ = அ’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால் இரண்டும் காலாகாலத்துக்கும் சமம் என்பது அவர் கணக்கு. மூன்றாவதைத் தேர்ந்தெடுப்பவருக்கு மாறியின் பெயரும் அதற்குள் இருக்கும் மதிப்பும் இன்னும் பிரியவில்லை. எந்த விடை எத்தனை பேருக்கு என்று தெரிந்தால் அடுத்த ஐந்து நிமிடம் எதைப் பேச வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். ‘மேற்கண்ட எதுவும் இல்லை’ போன்ற ஒப்புக்குச் சப்பாணி விடைகள் எதையும் காட்டிக்கொடுக்காது. போடாதீர்கள்.

இதை முடித்த கையோடு அடுத்ததைக் காட்டுங்கள்:

அ = [1, 2]
ஆ = அ
அ-வின் கடைசியில் 3-ஐச் சேர்
ஆ-வை அச்சிடு

இப்போதுதான் வேடிக்கை. முதல் கேள்வியில் ‘நகல்தான் எடுக்கும்’ என்று கற்றுக்கொண்டவர்கள் தைரியமாக [1, 2] என்பார்கள். பைத்தானில் விடை [1, 2, 3]. அ, ஆ இரண்டும் ஒரே லிஸ்ட்டின் (மதிப்புகளின் வரிசை) இரண்டு பெயர்கள். உண்மையில் முதல் கேள்வியிலும் நகல் எதுவும் எடுக்கப்படவில்லை. அங்கே அ என்ற பெயர் 5-ஐ விட்டு 9-க்குப் போனது. இங்கே பெயர்கள் நகரவில்லை, லிஸ்ட்டே மாறியது. பெட்டியும் அம்புக்குறியும் போட்டு விளக்குங்கள். பைத்தான் டியூட்டர் என்ற இலவசத் தளம் ஒவ்வொரு வரிக்கும் நினைவகத்தில் என்ன நடக்கிறது என்று அம்புக்குறியுடனே காட்டும். ஆனால் மாணவர்கள் விடை போடுவதற்கு முன்னால் அதைத் திறக்காதீர்கள்.

இப்படிப்பட்ட கேள்விகளுக்கு எங்கே போவது? பழைய விடைத்தாள்கள், லேபில் திரும்பத் திரும்ப வரும் எரர்கள், “சார், இது ஏன் வேலை செய்யல?” என்று வந்த கோட் (புரோகிராம் வரிகள்). அங்கே கொட்டிக் கிடக்கிறது. ஒரு நிறுத்தக்குறி விட்டுப்போனதைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்வி மட்டும் வேண்டாம். அதை கம்பைலரே (கோடைக் கணினி மொழிக்கு மாற்றும் மென்பொருள்) சொல்லிவிடும்.

படி 2: முதலில் ஓட்டுப் போடட்டும், கோட்-ஐ ஓட்டிப் பார்ப்பது அப்புறம்

ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மஸூர் 1990-களின் தொடக்கத்தில் வளர்த்தெடுத்த முறை இது. பியர் இன்ஸ்ட்ரக்ஷன் என்று பெயர். ஒரு சுற்றுக்கு எட்டு நிமிடம் போல ஆகும்.

முதலில் கேள்வியைத் திரையில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். சொல்வது எளிது. ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970-களில் அளந்தபோது சராசரியாக ஒரு விநாடிதான் வந்தது. மூன்று விநாடி காத்திருந்தாலே பதில்கள் நீண்டன, தரமும் கூடியது. கோட் படிக்க அது போதாது. ஆறு வரிக்கு ஒரு நிமிடமாவது கொடுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் பேச வாய் துறுதுறுக்கும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள்.

அடுத்து, ஒவ்வொருவரும் தனியாக விடையைத் தேர்ந்தெடுத்து ஓட்டுப் போட வேண்டும். யாருடனும் பேசக்கூடாது. முடிவு உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும்; திரையில் காட்டாதீர்கள். காட்டினால் எல்லோரும் உயரமான பட்டையின் பக்கம் சாய்ந்துவிடுவார்கள், விவாதம் செத்துவிடும்.

இப்போது எண்ணிக்கையைப் பாருங்கள். சரியான விடை 30-லிருந்து 70 சதவீதத்துக்குள் இருந்தால் அருமை: “பக்கத்தில் இருப்பவர் வேறு விடை போட்டிருந்தால் அவரைச் சம்மதிக்க வையுங்கள்” என்று இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். 70-க்கு மேல் என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகருங்கள். 30-க்குக் கீழே போனால் விவாதிக்க ஆளில்லை. பாடத்தை வேறு வழியில் மறுபடி சொல்ல வேண்டும்.

விவாதம் முடிந்ததும் இரண்டாவது ஓட்டு. அதன் பிறகு, தவறான விடையைப் போட்டவர்கள் எப்படி யோசித்திருப்பார்கள் என்று வகுப்பையே சொல்லச் சொல்லுங்கள். கடைசியாக கோட்-ஐ ஓட்டிக் காட்டுங்கள். வரிசை மாறினால் மாணவர்கள் அவுட்புட்டைப் பார்த்துவிட்டு “நானும் அதைத்தான் நினைத்தேன்” என்பார்கள்.

விவாதத்தில் கெட்டிக்காரர் சொன்னதைக் கேட்டு மற்றவர்கள் விடையை மாற்றிக்கொள்கிறார்கள், அவ்வளவுதானே என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. ஸயின்ஸ் இதழில் 2009-இல் வந்த உயிரியல் வகுப்பு ஆய்வு ஒன்று இதைத்தான் சோதித்தது. விவாதத்துக்குப் பிறகு, அதே கருத்தை வேறு உருவத்தில் கேட்கும் இன்னொரு கேள்வியைத் தனியாகப் போடச் சொன்னார்கள். முதலில் குழுவில் யாருக்குமே விடை தெரியாமல் இருந்த இடங்களில்கூட முன்னேற்றம் தெரிந்தது. நேரம் இருந்தால் நீங்களும் இப்படி ஒரு ஜோடிக் கேள்வி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: வகுப்பின் அளவுக்கு ஏற்ப அமையுங்கள்

15 பேர் வரை. ஓட்டுக் கருவி எதுவும் வேண்டாம். ஆளுக்கொரு வெள்ளைத் தாள், தடித்த பேனா. “மூன்று எண்ணுவேன், எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டுங்கள்.” ஒரே நேரம் என்பதுதான் முக்கியம், இல்லாவிட்டால் வேகமான ஒருவர் முதலில் காட்டுவார், மற்றவர்கள் அழித்து எழுதுவார்கள். சின்ன வகுப்பின் நோயே அந்த ஒருவர்தான். அவர் பதில் சொல்லச் சொல்ல வகுப்பு நன்றாகப் போவதுபோல் உங்களுக்குத் தோன்றும். மீதிப் பதினான்கு பேர் பார்வையாளர்கள்.

இந்த அளவில் மட்டும் செய்ய முடிகிற ஒன்று உண்டு. ஒரு மாணவரைப் புரொஜெக்டர் கணினியில் உட்கார வையுங்கள். மற்றவர்கள் வரிக்கு ஒருவராகச் சொல்ல, அவர் சொன்னதை மட்டுமே தட்ட வேண்டும். தட்டுபவரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். நன்றாகச் செய்பவரை முதலில் அனுப்பாதீர்கள். அவர் சொல்லாததையும் தட்டிவிடுவார்.

20 முதல் 60 பேர். இங்கே கணக்குதான் எதிரி. 40 பேர், ஆளுக்கு 2 நிமிடம் என்றால் 80 நிமிடம். வகுப்போ 50 நிமிடம். எல்லோரையும் நீங்களே பார்ப்பது என்ற ஆசையை முதல் நாளே விட்டுவிடுங்கள். இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தால் பார்க்க வேண்டியது 20 ஜோடியாகிறது. இரண்டு நிறத்தில் ஸ்டிக்கி நோட்டும் கொடுங்கள். வேலை முடிந்தால் பச்சை, சிக்கிக்கொண்டால் சிவப்பு. திரையின் மேல் ஒட்ட வேண்டும். கையைத் தூக்கிக்கொண்டே உட்கார்ந்திருக்கத் தேவையில்லை, நோட்டு ஒட்டிவிட்டு முயற்சியைத் தொடரலாம். உங்களுக்கும் ஒரே பார்வையில் வகுப்பு நிலவரம் தெரியும். நாலைந்து சிவப்பு ஒரே பகுதியில் தெரிந்தால் ஒவ்வொருவரிடமாக ஓடாதீர்கள். நிறுத்தச் சொல்லி, முன்னால் வந்து பொதுவாகச் சொல்லுங்கள்.

அந்தப் பச்சை நோட்டை முதலில் ஒட்டுபவர்களுக்கு அடுத்த வேலை தயாராக இருக்கட்டும். அந்த வேலை ‘இன்னும் ஐந்து கணக்கு’ ஆக இருக்கக்கூடாது, தண்டனை மாதிரி ஆகிவிடும். “உங்கள் கோட்-ஐ உடைக்கிற ஒரு உள்ளீட்டைக் கண்டுபிடியுங்கள்” என்று சொல்லுங்கள். காலி லிஸ்ட், எதிர்மறை எண், ஒரே ஒரு எண் என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

100 பேருக்கு மேல். முகம் தெரியாது, பெயர் தெரியாது, கடைசி வரிசைக்கு நடக்கவும் முடியாது. அதனால் இடத்தை முதலில் சரிசெய்யுங்கள். இடம் இருந்தால் இரண்டு வரிசை நிரம்பியதும் மூன்றாவதைக் காலியாக விடச் சொல்லுங்கள். உதவி ஆசிரியர்கள் அதன் வழியாக எல்லோரையும் எட்டலாம். விவாதத்தையும் முன் வரிசைக்காரர் திரும்பி, பின்னால் இருப்பவரோடு சேர்ந்து நான்கு பேராக நடத்தலாம்.

ஓட்டுக்கு போன் செயலி, கிளிக்கர் (பொத்தானை அழுத்தி விடை அனுப்பும் சின்னக் கருவி) எது இருந்தாலும் சரி. நெட் சொதப்பும் நாளுக்காக விரல் முறையைப் பழக்கி வையுங்கள்: விடை எண்ணுக்கு அத்தனை விரல், நெஞ்சோடு சேர்த்து. தலைக்கு மேலே தூக்கினால் பின்னால் இருப்பவர் பார்த்துக் காப்பியடிப்பார். துல்லியமாக எண்ண வேண்டியதில்லை. பாதியா, கால்வாசியா என்று தெரிந்தால் போதும்.

300 பேர் ஒரே நேரத்தில் பேசினால் சந்தைதான். பேச வைப்பதைவிட நிறுத்துவது கஷ்டம். திரையில் நேரம் இறங்குவதைக் காட்டுங்கள், முடிந்ததும் உங்கள் கை மேலே போகட்டும். பார்த்தவர் கையைத் தூக்கி வாயை மூட வேண்டும் என்பது விதி. முதல் வாரத்தில் இரண்டு மூன்று தடவை பழக்கினால் போதும். கத்த ஆரம்பித்தீர்களானால் வருடம் முழுக்கக் கத்த வேண்டியதுதான்.

உதவி ஆசிரியர்களுக்கு ஒரே ஒரு கட்டளை: விடையைச் சொல்லாதே, விவாதத்தைக் கேட்டுக்கொண்டு வா. “நாலாவது வரிசையில் எல்லோரும் ரிட்டர்னையும் (மதிப்பைத் திருப்பி அனுப்புவது) பிரிண்ட்டையும் (திரையில் காட்டுவது) குழப்புகிறார்கள்” என்று அவர்கள் வந்து சொல்வது எந்தச் செயலியும் தராத தகவல்.

ஆன்லைன் வகுப்பு என்றால் சாட் பெட்டி போதும். எல்லோரும் விடையைத் தட்டி வைத்திருக்க வேண்டும், நீங்கள் எண்ணிய பிறகுதான் எண்டர். விடைகள் ஒரே நேரத்தில் கொட்டும்.

படி 4: வெற்றுத் திரைக்கு முன்னால் ஒரு படிக்கட்டு வையுங்கள்

கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்தவருக்கும் வெற்றுத் திரையில் முதல் வரி எழுத வராது. நடுவில் வைக்க ஏற்றது பார்சன்ஸ் புதிர். நியூசிலாந்தைச் சேர்ந்த டேல் பார்சன்ஸ், பட்ரிஷியா ஹேடன் இருவரும் 2006-இல் அறிமுகப்படுத்தினார்கள். கோட் வரிகளைக் கலைத்துக் கொடுத்து, வரிசைப்படுத்தச் சொல்வதுதான் புதிர். லிஸ்ட்டில் பெரிய எண்ணைத் தேடும் ஃபங்ஷனுக்கு (ஒரு வேலையைச் செய்யும் கோட் துண்டு) இப்படி:

பெரியது = எ
பெரியதைத் திருப்பி அனுப்பு
எண்கள் லிஸ்ட்டில் உள்ள ஒவ்வொரு எ-க்கும்:
பெரியது = 0
எ > பெரியது என்றால்:
பெரியது = எண்களில் முதலாவது

ஆறு வரிகள், தேவை ஐந்துதான். ‘பெரியது = 0’ என்பது பொறி. பலரும் அதைத்தான் எடுப்பார்கள், 3, 8, 5 என்று கொடுத்தால் ஒழுங்காக வேலையும் செய்யும். அப்போது -4, -9, -2 என்று கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். லிஸ்ட்டிலேயே இல்லாத 0 வந்து நிற்கும். இன்னொரு பொறி உள்தள்ளல் (வரியை வலப்பக்கம் தள்ளி எழுதுவது): ‘திருப்பி அனுப்பு’ வரியை லூப்புக்குள் வைத்தவருக்கு எப்போதும் முதல் எண்ணே விடையாக வரும்.

சின்ன, நடுத்தர வகுப்பில் தாளில் அச்சடித்துக் கத்தரித்துக் கொடுக்கலாம். இரண்டு பேர் மேசைமேல் சீட்டுகளை நகர்த்தி வாதாடும்போது அவர்கள் யோசனை உங்கள் கண்ணுக்கே தெரியும். பெரிய வகுப்பில் வரிகளுக்கு எண் கொடுத்து, “மூன்றாவது இடத்தில் எந்த வரி?” என்று ஓட்டு கேளுங்கள்.

படி 5: தட்டிக் காட்டுங்கள், தடுக்கி விழுங்கள்

முழு கோட்-ஐயும் ஸ்லைடில் போட்டு விளக்குவதைவிட, கண்முன்னே தட்டுவது நல்லது. தட்டும் வேகம் மாணவர் வேகத்துக்கு இறங்கிவிடும். ஆனால் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் இதுவும் விரிவுரைதான். எண்டர் தட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் “என்ன வரும்?” என்று கேட்டு, எழுத வைத்துவிட்டுத் தட்டுங்கள். தவறும் செய்யுங்கள். அந்த 45 வரும் லூப்பை நான் இப்போது வேண்டுமென்றே தட்டுகிறேன். எரர் வந்தால் பதறி அழிக்காமல், செய்தியை உரக்கப் படித்து, எந்த வரி என்று பார்ப்பதை அவர்கள் பார்க்க வேண்டும். இதை ஸ்லைடு சொல்லித்தராது.

படி 6: லேபில் இருவருக்கு ஒரு கீபோர்டு

ஒருவர் தட்டுவார், மற்றவர் அடுத்து என்ன என்று சொல்வார், தவறு பார்ப்பார். பேர் புரோகிராமிங் என்று மென்பொருள் நிறுவனங்களிலும் செய்வதுதான். வழிகாட்டுபவர் கீபோர்டைத் தொடக்கூடாது என்ற ஒரு விதியைக் கறாராக வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து இடம் மாற்றுங்கள். அவர்களாக மாற மாட்டார்கள். கெட்டிக்காரரையும் தடுமாறுபவரையும் ஜோடி சேர்ப்பது நல்லெண்ணம்தான், ஆனால் பெரும்பாலும் ஒருவர் தட்டுவார், மற்றவர் ஜன்னலைப் பார்ப்பார். ஏறக்குறைய ஒரே நிலையில் உள்ளவர்களைச் சேர்ப்பது எனக்குப் பலன் தந்தது. ஒற்றைப்படையாக ஆள் வந்தால் மூவர் அணி; மூன்றாமவர் வேலை, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை “இந்த வரி எதற்கு?” என்று கேட்பது.

படி 7: இரண்டு புகார்களுக்குத் தயாராகுங்கள்

ஒன்று உங்களுடையது: போர்ஷன் முடியாது. உண்மைதான், எல்லாவற்றையும் வகுப்பில் சொல்ல முடியாது. தொடரியல் விதிகள், பட்டியல்கள், எங்கே எதை நிறுவுவது போன்றவற்றை ஐந்து பக்கக் குறிப்பாகவோ வீடியோவாகவோ முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். படித்தார்களா என்று பார்க்க வகுப்புக்கு முன் மூன்று எளிய கேள்விகள். படிக்காமல் வந்தவர்களுக்காக அதையே மறுபடி நடத்திவிடாதீர்கள். ஒரு தடவை நடத்தினால் அடுத்த வாரம் யாரும் படிக்க மாட்டார்கள்.

இன்னொன்று மாணவர்களுடையது: “சார் பாடமே எடுக்கறதில்ல, எங்களையே பண்ணச் சொல்றார்.” ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல பதில். செயல்வழி வகுப்பில் இருந்தவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள். ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். சரளமான விரிவுரை எல்லாம் புரிந்துவிட்ட உணர்வைத் தரும். மல்லுக்கட்டிக் கற்பது அப்படித் தராது. முதல் வாரத்திலேயே இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். வகுப்பு ஓட்டுக்கு மார்க் கொடுப்பதானால் பங்கேற்புக்குக் கொஞ்சமாகக் கொடுங்கள், சரியான விடைக்கு வேண்டாம். விடைக்கு மார்க் வைத்தால் யோசிப்பதை விட்டுவிட்டு, தெரிந்தவர் பின்னால் ஓடுவார்கள்.

எங்கிருந்து தொடங்குவது

அடுத்த வகுப்பில் ஒரே ஒரு கேள்வி போதும். ஏற்கெனவே நடத்தும் பாடத்தின் நடுவில், 20-ஆவது நிமிடம் வாக்கில் வையுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு வகுப்புக்கு இரண்டு, அப்புறம் பார்சன்ஸ் புதிர், லேபில் ஜோடி. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் இறக்கினால் உங்களுக்கும் மூச்சு முட்டும், மாணவர்களுக்கும் எது எதற்கு என்று புரியாது.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி, முதல் ஓட்டில் எத்தனை சதவீதம், இரண்டாவதில் எத்தனை, விவாதத்தில் காதில் விழுந்த விசித்திரமான ஒரு விளக்கம். இவ்வளவுதான், வகுப்பு முடிந்து இரண்டு நிமிட வேலை. முதல் ஓட்டிலேயே 90-ஐத் தாண்டும் கேள்வியை அடுத்த வருடம் எடுத்துவிடுங்கள். இரண்டு ஓட்டிலும் 30-ஐத் தொடாததை இரண்டாக உடையுங்கள். காதில் விழுந்த அந்த விசித்திர விளக்கத்தை, அடுத்த முறை அதே கேள்வியின் தவறான விடையாகப் போட்டுவிடுங்கள்.